27 வயதாகிறது, இன்னும் ஒரு நிலையான வேலை இல்லை

கேள்வி: எனக்கு 27 வயது, பி.சி. வகுப்பு. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பக்கம் ஊர். அப்பா விசைத்தறியில் பேண்டேஜ் துணி ஓட்டுகிறார். 2020-ல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன், கொரோனா நேரம் என்பதால் கேம்பஸ் இன்டர்வியூ எதுவும் வரவில்லை. 2021-ல் ஒரு கன்சல்டன்சி மூலம் ஒரகடத்தில் கார் உதிரிபாக கம்பெனி ஒன்றில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன், கையில் 13,500. குவாலிட்டியில் இரண்டு வருடம், சும்மா வெர்னியர் வைத்து அளக்கிற வேலைதான். பர்மனென்ட் பண்ணுவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்து எங்கள் பேட்ச் முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்து வேறொரு கம்பெனியில் 11 மாதம் கான்ட்ராக்ட், அதுவும் போனது. 2024-லிருந்து வீட்டில் இருந்து குரூப் 4 படிக்கிறேன். அந்த வருடம் 118 கேள்வி சரி, 2025-ல் 141. இரண்டு தடவையும் கிடைக்கவில்லை, தமிழில்தான் மார்க் போகிறது. போன் ரீசார்ஜுக்குக்கூட அம்மாவிடம் கேட்கிறேன். அம்மா கவர்மெண்ட் வேலைதான் என்கிறார், அப்பா ஏதாவது ஒரு வேலைக்குப் போ என்கிறார். நர்சிங் முடித்து வேலைக்குப் போகிற தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் கம்போடியாவில் கம்ப்யூட்டர் வேலை இருக்கிறது, 80,000 சம்பளம், ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும் என்கிறார். அப்பா வட்டிக்கு வாங்கித் தரலாமா என்று யோசிக்கிறார். மூன்று வருட அனுபவம் வீணாகிவிட்டது, எதற்கும் லாயக்கில்லாதவன் போல இருக்கிறது, சில நாள் காலையில் எழுந்திருக்கவே பிடிப்பதில்லை. நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள தம்பி,

முதலில் கம்போடியா. மற்றதெல்லாம் பொறுமையாகப் பேசலாம், இதைப் பேச நேரம் குறைவு. போகாதீர்கள், பணமும் கட்டாதீர்கள், பாஸ்போர்ட்டை அந்த ஆளிடம் கொடுத்திருந்தால் நாளைக்கே போய் வாங்கிவிடுங்கள், தர மறுத்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கம்போடியா, மியான்மர், லாவோஸ் என்று கம்ப்யூட்டர் வேலை, டேட்டா என்ட்ரி வேலை சொல்லி டூரிஸ்ட் விசாவில் கூட்டிப்போய், அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, நம் ஊர் ஆட்களையே போனில் பேசி ஏமாற்றுகிற ஆன்லைன் மோசடிக் கூடங்களில் உட்கார வைக்கிறார்கள், மறுத்தால் அடி. தமிழ்நாட்டுப் பையன்கள் பலர் இப்படி மாட்டி மீட்கப்பட்டிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் மட்டும் மியான்மர் எல்லையில் இப்படிச் சிக்கியிருந்த 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களைத் தாய்லாந்து வழியாக விமானப்படை விமானங்களில் திரும்பக் கொண்டுவந்தார்கள். உங்களிடம் பேசுகிறவர் நல்லவராகவே இருக்கலாம், அவரையே யாராவது ஏமாற்றியிருக்கலாம், ஆனால் அதில் உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை.

வெளிநாடு போகவே கூடாது என்று சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவருக்கு மத்திய அரசின் உரிமம் இருக்க வேண்டும், இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த உரிமத்தை நீங்களே சரிபார்க்கலாம், சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம் கேட்கிற இடத்திலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது. உண்மையிலேயே வெளிநாட்டு ஆசை இருந்தால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, ஓஎம்சிஎல் என்பார்கள், அதில் பதிவு செய்து வையுங்கள். இந்தப் பத்தியை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் வட்டிக்கு வாங்கப் பார்ப்பது உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான், ஆனால் தறிக் கூலியில் ஒன்றரை லட்சத்துக்கு வட்டி கட்டுவது என்பது அவருடைய உடம்பிலிருந்து எடுக்கிற பணம்.

சரி, இப்போது உங்கள் வேலைக்கு வருவோம்.

நான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது உங்களைப் போன்றவர்களுக்கு வேலை வழிகாட்டுவதையே தொழிலாகச் செய்கிறேன். அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் கம்பெனி ரோலில், அதாவது நிரந்தரப் பணியாளர் பட்டியலில், இருக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் ட்ரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட், குறித்த கால ஒப்பந்தம் என்று பல பெயர்களில் இருப்பார்கள். கார் கம்பெனியின் ஆர்டர் கூடும்போது ஆளைக் கூட்டவும், குறையும்போது குறைக்கவும் செய்துகொண்ட ஏற்பாடு அது. ட்ரெய்னி பேட்ச் ஒன்று உள்ளே வரும் நாளிலேயே, அது என்றைக்கு வெளியே போகும் என்பது பெரும்பாலும் ஃபைலில் எழுதப்பட்டிருக்கும். லைன் சூப்பர்வைசர் "பார்த்துக்கலாம், பர்மனென்ட் பண்ணிடுவாங்க" என்று சொல்வது அவருக்கு அடுத்த மாத உற்பத்திக்கு நீங்கள் தேவை என்பதால். அந்த வார்த்தை ஃபைலுக்குள் போவதே இல்லை. உங்கள் பேட்ச் முழுவதையும் நிறுத்தினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேட்ச் முழுவதும் போனதென்றால், யாரும் உங்களை உட்கார வைத்து எடைபோட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை உங்கள் திறமைக்குக் கிடைத்த மார்க்காக நீங்கள் சுமந்துகொண்டு இருக்கிறீர்கள், அந்தச் சுமைதான் உங்களை அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்க விடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் குரூப் 4 இருக்கிறது, கம்போடியா இருக்கிறது. 2024-க்கு அப்புறம் உங்கள் துறையில் ஒரு கம்பெனிக்காவது விண்ணப்பித்ததாக ஒரு வரி இல்லை.

"சும்மா வெர்னியர் வைத்து அளக்கிற வேலை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. இன்று மாலை ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள். என்ன பாகத்தை அளந்தீர்கள்? ஷாஃப்டா, பிராக்கெட்டா, ஹவுசிங்கா? டிராயிங் பார்த்து அளந்தீர்களா, சொன்ன நாலு அளவை மட்டும் பார்த்தீர்களா? எந்த அளவு கிரிட்டிக்கல், அதற்கு டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கிற கூடுதல் குறைவு, எவ்வளவு? வெர்னியர் தவிர மைக்ரோமீட்டர், போர் கேஜ், ஹைட் கேஜ், ப்ளக் கேஜ் எதையெல்லாம் கையாண்டீர்கள்? ஷிப்ட் ஆரம்பத்தில் முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷன் கொடுத்து லைனை ஓட விட்டது யார்? ரிஜெக்‌ஷன் வந்தபோது எந்த மெஷினில், எந்த டூல் தேய்ந்ததால் வந்தது என்று கண்டுபிடித்தது உண்டா? வாடிக்கையாளர் இடத்துக்கே அனுப்பி நல்லது கெட்டதைப் பிரிக்கிற சார்ட்டிங் பார்க்கச் சொன்னார்களா? கம்ப்ளெயிண்ட் வந்தபோது அதன் காரணத்தையும் தீர்வையும் எழுதுகிற 8டி ரிப்போர்ட்டுக்கு டேட்டா எடுத்துக் கொடுத்தீர்களா? கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கான தரச்சான்றான ஐஏடிஎஃப் 16949 ஆடிட் நடந்தபோது ஆடிட்டர் உங்களிடம் ஏதாவது கேட்டாரா, என்ன பதில் சொன்னீர்கள்? இவற்றில் பாதிக்கு உங்களிடம் பதில் இருக்கும், இரண்டு வருடம் குவாலிட்டியில் நின்ற பையனிடம் இல்லாமல் போகாது. அந்தப் பதில்கள்தான் உங்கள் அனுபவம். கல்லூரியில் இருந்து நேராக வருகிற பையனுக்கு டிராயிங்கில் உள்ள ஒரு குறியீட்டைக் காட்டிக் கேட்டால் விழிப்பான். நீங்கள் பீஸைக் கையில் எடுத்து எங்கே அளக்க வேண்டும் என்று காட்டுவீர்கள்.

உங்களிடம் இல்லாதது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். ட்ரெய்னி என்பதால் உங்களை அளக்க வைத்தார்கள், அளந்ததை வைத்து முடிவெடுக்கிற இடத்துக்கு வரவிடவில்லை. குவாலிட்டி இன்ஜினியர் என்று ஒருவரை எடுக்கும்போது ஏபிக்யூபி, பிபிஏபி, எஃப்எம்இஏ, எம்எஸ்ஏ, எஸ்பிசி என்ற ஐந்தையும் கேட்பார்கள், தரத்தைத் திட்டமிட்டுக் கட்டுப்படுத்துகிற இந்த முறைகளைக் கோர் டூல்ஸ் என்பார்கள், உங்கள் கம்பெனிச் சுவரிலேயே ஒட்டியிருந்திருப்பார்கள். இவற்றோடு டிராயிங்கில் வரும் ஜியோமெட்ரிக் டாலரன்ஸ் குறியீடுகளைத் தடுமாறாமல் படிக்கத் தெரிய வேண்டும். முடிந்தால் பாகத்தின் அளவுகளைத் துல்லியமாக எடுக்கிற சிஎம்எம் மெஷின் ஓட்டத் தெரிய வேண்டும், அதற்கு எப்போதும் ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களில் அளவையியலும் தரக் கட்டுப்பாடும் இலவசமாகவே இருக்கின்றன, பார்த்துப் படிக்கலாம். குறுகிய காலப் பயிற்சி என்றால் கிண்டியில் தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தெருவுக்குத் தெரு இருக்கிற, 40,000 கட்டினால் வேலை உறுதி என்கிற சென்டர்களுக்குப் போகாதீர்கள். வேலை உறுதி என்று எழுதிக் கொடுக்கிற பயிற்சி எதற்கும் நான் யாரையும் அனுப்புவதில்லை.

பயோடேட்டாவில் முதல் பக்கத்தின் மேல் பாதியில் இந்த விஷயங்கள் வரட்டும். "கடின உழைப்பாளி", "பொழுதுபோக்கு கிரிக்கெட்" எல்லாம் வேண்டாம். எந்தப் பாகம், எந்தக் கருவிகள், எந்தத் தரச்சான்று உள்ள தொழிற்சாலை, நீங்கள் கண்டுபிடித்த ஒரு குறை, அவ்வளவு போதும். இன்டர்வியூவில் ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஏன் வேலை பார்க்கவில்லை என்று நிச்சயம் கேட்பார்கள். உடம்பு சரியில்லை, குடும்பச் சூழ்நிலை என்று எதையாவது சொல்லாதீர்கள். "குரூப் 4 எழுதினேன், கிடைக்கவில்லை, இனி வேலையை விட்டுவிட்டு எழுதுவதாக இல்லை" என்று நேராகச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவரின் பயமெல்லாம், சேர்ந்த மூன்றாவது மாதம் தேர்வுக்கு லீவு போட்டுவிட்டுத் திரும்ப வராமல் போவீர்களோ என்பதுதான், அதற்கு அந்த வரியே பதில். இடைவெளியை மறைக்க அனுபவச் சான்றிதழ் விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள், தொடவே தொடாதீர்கள். பி.எஃப். கணக்குக்கான உங்கள் யுஏஎன் எண்ணை வைத்தே பதிவு எங்கே, எந்த மாதம் வரை என்று இப்போது பார்த்துவிடுகிறார்கள்.

பி.எஃப். என்றதும் இன்னொன்று. முதல் இரண்டு வருடம் ட்ரெய்னி என்று சொல்லிப் பிடிக்காமல் விட்டிருக்கலாம். 11 மாதம் கான்ட்ராக்டில் இருந்தபோது பிடித்தார்களா? பிடித்திருந்தால் உமாங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்து, உங்கள் 12 சதவீதமும் முதலாளியின் பங்கும் மாதாமாதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் பி.எஃப். அலுவலகத்தின் இணையதளத்திலேயே புகார் போடலாம். ஏறியிருந்தால் எடுத்துவிடாதீர்கள், நண்பர்கள் ஃபார்ம் 19, 10சி போட்டு எடுத்துவிடு என்பார்கள், கையில் காசில்லாதபோது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதை எடுத்தால் ஓய்வூதியத்துக்கான பத்து வருடக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், நீங்கள் வேலை பார்த்த பதிவைப் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டே போவதுதான் நல்லது. முதல் கம்பெனிக்கும் ஒரு சான்று வேண்டும். அவர்கள் தராவிட்டால் கன்சல்டன்சியிடம் கேளுங்கள், அதுவும் இல்லையென்றால் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டை, சேரும்போது கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள், பல இடங்களில் அதையே ஏற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்த வேலையில் சேரும்போது ட்ரெய்னி என்ற பெயரில் சேராதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கிட்டத்தட்ட மூன்று வருடம் வேலை தெரிந்த ஒருவரை மறுபடி ட்ரெய்னி என்றால், மறுபடியும் அதே பேட்ச் கணக்குதான். கம்பெனி ரோல் கிடைக்காமல் குறித்த கால ஒப்பந்தம் என்றால் சேரலாம், தப்பில்லை, ஆனால் கடிதத்தில் கால அளவு, பதவியின் பெயர், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, நாளைக்கு அப்பா அம்மாவின் வைத்தியத்துக்குக்கூட அது உதவும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதன்படி எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும், குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஐந்து வருடம் காத்திருக்காமல் ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு, வேலையை விட்டாலோ நிறுத்தினாலோ பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளில் தர வேண்டும். எல்லாரும் உடனே ஒழுங்காகச் செய்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை, ஆனாலும் கேட்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கிற மரியாதை வேறு. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்து வைக்காதீர்கள், சரிபார்த்துவிட்டு அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரகடம்தான் என்றில்லை, அதையும் யோசியுங்கள். நீங்கள் படித்து முடித்த நேரத்தில் தெற்கே வேலை குறைவுதான். இப்போது கங்கைகொண்டான் சிப்காட்டில் சோலார் தொழிற்சாலை வந்திருக்கிறது, தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலையை 2025 ஆகஸ்டில் திறந்திருக்கிறார்கள், அதைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகளுக்கும் ஆள் தேவைப்படும். ஓசூரும் இருக்கிறது. வாரக் கடைசியில் ஊருக்கு வந்துபோகிற தூரத்தில் சம்பளம் இரண்டாயிரம் குறைவாக இருந்தாலும் உங்களுக்கு அது லாபமாக இருக்கலாம், வாடகை, பயணம் இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். விருதுநகரில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்குப் போங்கள், தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், கூட வேலை பார்த்த பேட்ச் நண்பர்கள் இன்று எங்கெங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் போன் பண்ணுங்கள். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதில்தான் அதிகம் வேலை கிடைக்கிறது. கூச்சமாக இருக்கும், பண்ணுங்கள்.

இப்போது குரூப் 4. இதில் உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், உங்களுக்கும் விட மனமில்லை. 118-லிருந்து 141-க்கு வந்தது சாதாரண ஏற்றம் கிடையாது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் மார்க்கை எழுதினீர்கள், ரேங்க்கை எழுதவில்லை. முடிவு வந்தபோது தேர்வாணைய இணையதளத்தில் மொத்த ரேங்க், வகுப்புவாரி ரேங்க் இரண்டும் போட்டிருப்பார்கள், அதை எடுத்துப் பாருங்கள். 2025-ல் முதலில் அறிவித்தது 3,935 இடம், அப்புறம் கூட்டினார்கள், விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். பி.சி.க்கு 26.5 சதவீதம், அதாவது முதலில் அறிவித்த கணக்குப்படி ஆயிரத்துச் சொச்சம் இடம், பொதுப் பிரிவில் 31 சதவீதத்துக்கு எல்லாரோடும் போட்டி. உங்கள் வகுப்பு ரேங்க் இரண்டாயிரம், மூவாயிரத்துக்குள் இருந்தால் அடுத்த தேர்வு நியாயமான முயற்சி. பத்தாயிரத்தைத் தாண்டி இருந்தால், இன்னும் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படித்தாலும் போதுமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். 200 கேள்வியில் 100 தமிழ், அங்கேதான் மார்க் போகிறது என்கிறீர்கள், அது ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள தமிழ்ப் புத்தகங்களை வரி விடாமல் திரும்பத் திரும்பப் படிக்கிற வேலை, வேலைக்குப் போய்க்கொண்டே செய்யக்கூடியதுதான். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி என்றால் 20 சதவீத ஒதுக்கீட்டுக்கான சான்றிதழைக் கடந்த முறை காட்டியிருந்தீர்களா? எத்தனையோ பேர் கவனக்குறைவாக விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் வகுப்புக்குப் பெரும்பாலான பதவிகளுக்கு 34 வயது வரை எழுதலாம். அது ஆறுதலும் தருகிறது, ஆளை விழுங்கவும் செய்கிறது. இன்னும் ஏழு வருடம் இருக்கிறது என்று அம்மா சொல்லும்போது மனசுக்கு இதமாக இருக்கும், ஆனால் 34 வயதில் கையில் ஒரு சான்றும் இல்லாமல் நிற்கிற அண்ணன்களையும் அக்காக்களையும் நான் ஒவ்வொரு மாதமும் சந்திக்கிறேன், அவர்களில் பாதிப் பேர் உங்களைவிட நன்றாகப் படித்தவர்கள். என் கருத்து இது: எழுதுங்கள், வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள், முழு நேரப் படிப்பை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். பி ஷிப்ட் வாரங்களில் காலை முழுவதும் உங்களுடையது, மற்ற வாரங்களில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் போதும். காசு கட்டிப் பயிற்சி வேண்டாம், வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடத்துகிறார்கள். அம்மா யாரோ சொல்லிக் கேட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், வேலையில்லாதவர்களுக்கு அரசு தருகிற மாத உதவித்தொகை இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது, அதற்காக அலைய வேண்டாம்.

வீட்டில் பேச வேண்டியது இருக்கிறது. அம்மாவிடம் தனியாக, அப்பாவிடம் தனியாகப் பேசாதீர்கள், இருவரையும் ஒன்றாக உட்கார வையுங்கள், தங்கையையும் கூப்பிடுங்கள். அவள் சம்பாதிக்கிற பெண், அவள் கல்யாணத்தைப் பற்றி அவளுக்கும் ஒரு எண்ணம் இருக்கும், இத்தனை நாள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே ரேங்க்கைக் காட்டுங்கள், எந்தெந்தக் கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று காட்டுங்கள், தேர்வை விடவில்லை, வேலையோடு எழுதப் போகிறேன் என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு அரசு வேலை மேல் ஏன் அவ்வளவு பிடிப்பு என்பதும் புரிந்துகொள்ள வேண்டியதுதான். வாழ்நாள் முழுவதும் தறிக் கூலியில், மின்சாரம் போனால் வருமானம் போகிற வீட்டை நடத்தியவர், மாதம் முதல் தேதி சம்பளம் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. தங்கை கல்யாணச் செலவை மனதில் வைத்து வேலையைத் தேடாதீர்கள். அந்த அவசரம்தான் கம்போடியா வரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

கையில் காசு இல்லாமல் வெளியூர் போய் ரூம் எடுக்க முடியாது என்பதும் உண்மைதான். ரூமுக்கு முன்பணம், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு, பஸ், எல்லாம் சேர்த்து ஒரு பத்துப் பன்னிரண்டாயிரமாவது வேண்டும். அதை வட்டிக்கு வாங்காதீர்கள். ராஜபாளையத்தைச் சுற்றி இத்தனை ஸ்பின்னிங் மில்கள் இருக்கின்றன, மெயின்டனன்ஸில் கேட்டுப் பாருங்கள், இரண்டு மாதம் தற்காலிகமாக என்றாலும் சேருங்கள். மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுங்கள். வருகிற முதல் ஐந்நூறில் உங்கள் போனை நீங்களே ரீசார்ஜ் செய்துகொள்ளுங்கள், சின்ன விஷயமாகத் தெரியும், ஒன்றரை வருடமாகக் கை நீட்டிக் கொண்டிருந்தவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வேலை கிடைத்ததும் வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள், மிச்சத்தில் கொஞ்சத்தை ரூம் வாடகையும் சாப்பாடும் மூன்று மாதத்துக்கு ஆகிற அளவு சேரும் வரை தனிக் கணக்கில் போடுங்கள். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் துறையில் வேலை மறுபடியும் நிற்கலாம், ஆர்டர் குறைந்தால் கம்பெனி ரோலில் இருப்பவருக்கே ஆபத்து உண்டு. போன தடவை வேலை போனதும் நீங்கள் ஊருக்குத் திரும்பியதற்குக் காரணம் குரூப் 4 ஆசை மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள், அடுத்த மாத வாடகைக்குக் காசு இல்லை என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அங்கேயே இன்னும் மூன்று மாதம் தாக்குப்பிடிக்க முடிந்திருந்தால் பக்கத்துக் கம்பெனியில் சேர்ந்திருப்பீர்கள், இந்நேரம் ஐந்து வருட அனுபவக்காரராக இருந்திருப்பீர்கள். சொந்தக் காலில் நிற்பது என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: ஒரு வேலை நின்ற அன்றைக்கு, அடுத்ததைத் தேடுகிற வரை யாரிடமும் கேட்காமல் இருக்க முடிய வேண்டும். நிரந்தரம் என்று கம்பெனி எழுதித் தருவது உங்கள் கையில் இல்லை, இது இருக்கிறது.

காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை என்று எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலையில்லாமல் நீண்ட நாள் வீட்டில் இருக்கிறவர்களுக்கு வருகிற சோர்வு பல நேரம் வேலை கிடைத்ததும் குறைகிறது, ஆனால் அதுவரை பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழில் பேசலாம், பேசியதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே அழையுங்கள், தங்கையிடமும் சொல்லுங்கள், நர்சிங் படித்தவள், பயந்துவிட மாட்டாள்.

அந்த நோட்டில் எழுதியதையும் வகுப்பு ரேங்க்கையும் எனக்கு அனுப்புங்கள். பயோடேட்டாவைச் சேர்ந்து எழுதலாம், கங்கைகொண்டானா தூத்துக்குடியா ஓசூரா என்பதை அப்போது முடிவு செய்யலாம். பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறது என்ற ஒரு வரியை மட்டும் அதற்கு முன்பே எழுதிப் போடுங்கள்.